உப்பு நீருக்கு நடுவே ஊர்கள்

மண் மூடிய கரைகள் – பகுதி 11

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்லிமா காராங் பக்கம் மேற்கே திரும்பினால் லங்காட் ஆற்றுப் பாலம் வரும். பாலத்தைத் தாண்டினால் கேரித் தீவு. கண் எட்டும் தூரம் வரை செம்பனை. மரங்களுக்கு இடையே நேர்கோடாக ஓடும் வடிகால்கள். கடல்நீர் உள்ளே ஏறிவிடாமல் காக்கும் மண்கரைகள். அலை ஏறும்போது மூடி, இறங்கும்போது திறக்கும் மதகுகள். கரையும் மதகும் இல்லாவிட்டால் தீவின் பெரும்பகுதியைக் கடல் திரும்ப எடுத்துக்கொண்டுவிடும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் தீவின் கதையைக் கேட்டால், எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் துரையிடமிருந்துதான் தொடங்குவார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இங்கே நிலம் எடுத்தார், கண்டல் காடு அழிந்தது, ரப்பர் வந்தது, கப்பலில் வந்த தமிழ்க் குடும்பங்கள் லயங்களில் குடியேறின, பின்னர் பால்மரம் போய் செம்பனை வந்தது. தாத்தாவும் பாட்டியும் சிந்திய வியர்வையின் கதை அது. அதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் தீவைச் சுற்றியுள்ள மண்ணுக்கு அதைவிட மிக நீண்ட நினைவு உண்டு. அந்த நினைவில் தமிழர்களுக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது. அது கூலி வேலைக்கு வந்த காலத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு முந்தையது. இந்தப் பகுதி அந்த நினைவைப் பற்றியது.

1964ஆம் ஆண்டு. பந்திங் அருகே கம்போங் சுங்கை லாங் என்ற சிற்றூரில், தாழ்வான ஒரு மண்மேட்டின் அடியில் இரண்டு வெண்கல முரசுகள் வெளிப்பட்டன. கேரித் தீவு அடங்கியிருக்கும் அதே கோல லங்காட் மாவட்டம். முரசுகள் இரண்டும் ஒரு மரப்பலகையின் மேல் வைக்கப்பட்டிருந்தன. கூடவே கண்ணாடி மணிகளும் மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. தொல்லியலாளர் பீக்காக் அந்த இடத்தை ஆராய்ந்து, கண்டதை உடனுக்குடன் எழுதி வெளியிட்டார்.

அந்த முரசுகளை வடிவமைப்பைக் கொண்டே எந்த மரபைச் சேர்ந்தவை என்று சொல்லிவிடலாம். மேல்தட்டின் நடுவில் கதிர் விரிக்கும் விண்மீன். அதைச் சுற்றிச் சுற்றி வளையங்கள். வளையங்களில் நீண்ட அலகுடன் பறக்கும் பறவைகள், வடிவக் கோலங்கள். இந்த வகை முரசின் பக்கங்களில் சில வேளை இறகு சூடிய மனிதர்கள் துடுப்புப் போடும் படகுகளும் இருக்கும். வட வியட்நாமின் சிவப்பு ஆற்றுச் சமவெளியில் செழித்த டோங் சோன் பண்பாட்டின் கைவேலை இது. ஆஸ்திரிய அறிஞர் ஃபிரான்ஸ் ஹெகர் 1902இல் இத்தகைய முரசுகளை நான்கு வகையாகப் பிரித்தார். சுங்கை லாங் முரசுகள் அவற்றில் முதல் வகை, அதாவது மிகப் பழையது. வியட்நாமில் தொடங்கி இந்தோனேசியாவின் கிழக்குத் தீவுகள் வரை இவை சிதறிக் கிடக்கின்றன. மலாயாவிலும் வேறு இடங்களில் கிடைத்திருக்கின்றன: 1926இல் பகாங்கின் தெம்பெலிங் ஆற்றங்கரையில், 1944இல் கிள்ளானின் புக்கிட் கூடாவில், பிறகு கோல திரெங்கானுவில்.

முரசுகளைவிட, அவற்றைத் தாங்கிக்கொண்டிருந்த பலகைதான் ஆராய்ச்சியாளர்களுக்குப் பெரிய பரிசு. வெண்கலத்தின் வயதைக் கரிமக் கணக்கில் அறிய முடியாது. மரத்தின் வயதை அறியலாம். கதிர்க்கரிமக் கணிப்பு ஒன்று அந்தப் பலகைக்கு ஏறத்தாழ 2,435 ஆண்டு என்று சொன்னது, கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த மரம் உயிரோடு நின்றது என்று பொருள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மரம் வளர்ந்த காலமும் முரசைப் புதைத்த காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பழைய பலகை பல தலைமுறை கழித்துக்கூடப் பயன்பட்டிருக்கலாம். அந்த இடைவெளிக்கு எவ்வளவு விட்டுக் கொடுத்தாலும், கோல லங்காட்டின் ஈரநிலத்தில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இருந்தார்கள் என்பதும், கடல் கடந்து வந்த விலைமதிப்பான பொருளை அவர்கள் முறையாக மண்ணில் வைத்தார்கள் என்பதும் உறுதி. பலகை ஒரு படகின் பகுதி என்று கருதப்படுகிறது. இறந்தவரைப் படகோடு சேர்த்து அனுப்பும் வழக்கம் இந்தக் கரை நெடுகிலும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

இவ்வளவு வெயிலும் மழையும் கறையானும் உள்ள நாட்டில் மரம் எப்படி இத்தனை காலம் நின்றது? சேறுதான் காரணம். நீர் தேங்கிய களிமண்ணுக்குள் காற்று புகாது. காற்று இல்லாத இடத்தில் மரத்தைத் தின்னும் பூஞ்சையும் பெரும்பாலான நுண்ணுயிர்களும் வாழ முடியாது. பகாங்கின் பொந்தியான் பக்கம் 1926இல் சேற்றிலிருந்து வெளிப்பட்ட படகும் இப்படித்தான் பிழைத்தது. அதன் பலகைகளை ஆணி அடித்து இணைக்கவில்லை. மர முளைகளாலும், பனை வகை மரம் ஒன்றின் கரிய நாரால் இறுக்கிய கட்டுகளாலும் பிணைத்திருந்தார்கள். கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டுக்குள் கட்டிய படகு. அதன் நார் முடிச்சுகூட மிஞ்சியது.

சேறு செய்யும் இந்தக் காரியத்தை உலகின் வேறொரு மூலையில் வறட்சி செய்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் லங்காட் கரையின் அருமை முழுதாகப் புரியும்.

சாக்கடலின் மேற்குக் கரையில் எய்ன் கெதி என்ற பழைய யூத ஊர் இருந்தது. கடலுக்குப் பெயரே சாக்கடல். அதன் உப்பில் மீன் வாழாது. சுற்றிலும் யூதேயப் பாலைவனம், மொட்டைப் பாறை. அதற்கு நடுவே மலையடிவாரத்தில் நல்ல தண்ணீர்ச் சுனைகள். அந்தச் சுனைகளை நம்பி எழுந்த பாலைவனச் சோலை அது. விவிலியத்தில் சவுலுக்கு அஞ்சி ஓடிய தாவீது ஒளிந்த இடமாக இது வருகிறது. எனவே மலேசியக் கிறிஸ்தவத் தமிழர்களுக்கும் அறிமுகமான பெயர்தான். 1961 முதல் 1965 வரை பெஞ்சமின் மசார் தலைமையில் நடந்த அகழாய்வு, இங்கே நிலையான ஊர் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததைக் காட்டியது. ஊருக்கு மேலே மலைத்திட்டில், அதற்கும் மூவாயிரம் ஆண்டு மூத்த செம்புக்காலக் கோயில் ஒன்றும் வெளிப்பட்டது.

மலைச்சரிவில் படிப்படியாகத் திட்டுகள் அமைத்து, சுனைநீரைத் தொட்டியில் தேக்கி, வாய்க்காலில் பாய்ச்சி அவர்கள் பயிர் செய்தார்கள். இரண்டு பயிர்கள் அந்த ஊரை உலகுக்குத் தெரியவைத்தன. ஒன்று பேரீச்சை. மற்றொன்று வாசனைப் பிசின் தரும் பால்சம் செடி. அந்தப் பிசின் ரோம் வரை போனது. யூதேயாவைத் தவிர வேறெங்கும் அந்தச் செடி வளர்வதில்லை என்று முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி பதிவு செய்திருக்கிறார்.

1965இல் அந்த நிலத்தில் தற்செயலாக ஒரு வண்ணக்கல் தளம் தென்பட்டது. 1970 முதல் 1972 வரை டான் பராக், யோசெஃப் போராத், எஹுத் நெட்ஸர் ஆகியோர் தோண்டியபோது பழைய யூதத் தொழுகைக் கூடம் முழுதாக வெளிவந்தது. தரையில் பதித்திருந்த எழுத்துகள் விசித்திரமானவை. மனிதகுலத்தின் மூதாதையர் பெயர்கள், பன்னிரண்டு ராசிகளின் பெயர்கள், மாதங்கள் என்று வரிசையாக வந்து, பிறகு ஒரு கடுமையான சாபம் தொடர்கிறது. ஊருக்குள் சண்டை மூட்டுபவன், வேற்றினத்தாரிடம் ஊராரைக் காட்டிக் கொடுப்பவன், திருடுபவன், ஊரின் ரகசியத்தை வெளியிடுபவன் ஆகியோர் மேல் இறைவனின் சினம் இறங்கட்டும் என்கிறது. அந்த ரகசியம் எது? பால்சம் தயாரிக்கும் முறைதான் என்று பல அறிஞர்கள் நினைக்கிறார்கள். ஒரு சிற்றூர் தன் தொழில் நுணுக்கத்தைக் காக்க, கடவுளையே காவலுக்கு நிறுத்தியிருக்கிறது.

அந்தக் கூடம் கி.பி. 6ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் தீக்கிரையானது. மறைச்சுருள்கள் இருந்த பேழையும் எரிந்தது. 1970இல் கிடைத்த கரிக்கட்டைகளில் ஒன்றைத் தொட்டாலே உதிரும் நிலை. பிரிக்க வழியில்லாமல் 45 ஆண்டு பெட்டிக்குள் கிடந்தது. பிறகு அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் பிரென்ட் சீல்ஸ் குழுவினர், ஊடுகதிர்ப் படங்களை வைத்துக் கணினியிலேயே சுருளைப் பிரித்தார்கள். 2015இல் எழுத்துகள் தெரிந்தன. 2016இல் முழு ஆய்வு வெளியானது. அது லேவியராகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்கள்.

எய்ன் கெதிக்குச் சில கிலோமீட்டர் தெற்கே ஒரு குகை. கி.பி. 132இல் ரோமுக்கு எதிராக எழுந்த பார் கோக்பா கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது, உயிர் தப்ப ஓடியவர்கள் அங்கே புகுந்தார்கள். 1960, 61 ஆண்டுகளில் யிகாயேல் யாதின் அந்தக் குகையை ஆராய்ந்தபோது கம்பளித் துணிகள் நிறம் மாறாமல் கிடைத்தன. வீட்டுச் சாவிகள் கிடைத்தன. கிளர்ச்சித் தலைவன் எய்ன் கெதியில் இருந்த தன் ஆட்களுக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்தன. பாபாதா என்ற பெண் தோல்பைக்குள் சுருட்டி வைத்திருந்த 35 ஆவணங்களும் இருந்தன: திருமண ஒப்பந்தம், பேரீச்சந்தோட்ட உரிமை, மகனுக்காக அவள் நடத்திய வழக்கு. அவளுடைய இரண்டாவது கணவன் எய்ன் கெதிக்காரன். பேரரசர்களின் வரலாற்றில் ஒரு வரிகூடப் பெறாத ஒரு பெண்ணின் சொத்து வழக்கை இன்று நாம் படிக்க முடிகிறது. காரணம், அந்தக் குகைக்குள் ஈரம் புகவில்லை.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். எய்ன் கெதி மக்களின் கவலை கொதிக்கும் பாலைவனமும் உப்புக்கடலும். மலாக்கா நீரிணையின் கண்டல் கரையில் குடியிருந்தவர்களுக்குக் கவலை சேறும் உப்பு அலையும். இரண்டு இடத்திலும் குடிக்கும் தண்ணீர்தான் முதல் பிரச்சினை. கண்டல் நிலத்தில் கிணறு தோண்டினால் உப்புதான் ஊறும். மழைநீரைப் பிடிக்க வேண்டும், அல்லது ஆற்றின் மேற்பகுதிக்குப் படகில் போய் எடுத்து வர வேண்டும். ஆனாலும் மனிதர்கள் இங்கே விரும்பிக் குடியேறினார்கள். ஏன் என்பதற்கு விடை பேராக்கில் இருக்கிறது.

தைப்பிங் பக்கத்துக் கடற்கரையில், மாத்தாங் கண்டல் காட்டுக்குள் கோல செலின்சிங் என்ற இடம். பேராக் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஐவர் எவன்ஸ் அங்கே அகழ்ந்து, 1932இல் தன் அறிக்கையை வெளியிட்டார். பின்னர் 1980களில் நிக் ஹசான் சுஹைமி குழுவினர் மறுபடி ஆராய்ந்தனர். சிப்பி ஓடும் மண்ணுமாகச் சேர்ந்த மேடுகள், அவற்றில் மட்பாண்டங்கள், மனித எலும்புகள். தூண்கள் நட்டு அவற்றின் மேல் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் என்று எவன்ஸ் கருதினார். இறந்தவர்களைப் படகு வடிவப் பெட்டியில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். கி.மு. கடைசி நூற்றாண்டுகளில் தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு அந்த ஊர் நின்றிருக்கிறது. கேரித் தீவைப் போலவே அலை ஏறி இறங்கும் ஒரு தீவில், மண்கரையும் மதகும் இல்லாமல், ஆயிரம் ஆண்டு!

அவர்கள் அங்கே மணி செய்தார்கள். கழுத்தில் கோக்கும் மணி. முடிந்த மணிகளோடு, பாதியில் நின்ற மணிகளும் கண்ணாடிக் கழிவுகளும் கிடைத்ததால், அவை வாங்கி வந்தவை மட்டும் இல்லை, அந்தச் சேற்றின் மேலேயே உருவானவையும் உண்டு என்று உறுதியானது. இங்கேதான் தமிழ்நாட்டுக் கரை கதைக்குள் வருகிறது. உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக நீட்டி இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடேற்றி விளிம்பை மழுங்கச் செய்யும் நுட்பத்தின் பழைய மையங்களில் முதன்மையானது புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்த அதே அரிக்கமேடு. மணி ஆய்வில் ஊறிய பீட்டர் ஃபிரான்சிஸ் இந்தச் சிறு மணிகளுக்கு இந்தோ–பசிபிக் மணிகள் என்று பெயர் சூட்டி, அவற்றின் உற்பத்தி ஊர்களை வரிசைப்படுத்தினார்: அரிக்கமேடு, இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், கோல செலின்சிங், கெடாவின் சுங்கை மாஸ். திருப்பதிக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் இதே முறை நம் காலம் வரை உயிரோடு இருந்தது.

இந்த இடத்தில் சிலர் அவசரப்பட்டு, மலாயாவை நாகரிகப்படுத்தியவன் தமிழன்தான் என்று எழுதிவிடுகிறார்கள். அது இந்தக் கரையின் மக்களுக்குச் செய்யும் அநியாயம். தமிழ்க் கரையிலிருந்து பொருளும் கைத்திறனும் வந்தன. வந்தவற்றைத் தங்கள் தேவைக்கு மாற்றிக்கொண்டவர்கள் இங்கே ஏற்கெனவே வாழ்ந்த படகுக்காரர்கள், வியட்நாம் வரை கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள். அதே வேளையில் தமிழ்க் கைவினைஞர்கள் நேரிலும் வந்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு. குளோங் தோமில் பொன் உரைத்துப் பார்க்கும் சிறு உரைகல் ஒன்று கிடைத்தது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டின் தமிழ் பிராமி எழுத்தில் அதன் உரிமையாளர் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது: பெரும்பதன் கல். மன்னனும் இல்லை, படைத்தலைவனும் இல்லை. தன் கருவியில் பெயர் பொறித்து வைத்திருந்த ஒரு தட்டார். கோல செலின்சிங்கிலேயே தென்னிந்திய எழுத்தில் ஸ்ரீ விஷ்ணுவர்மனின் உடைமை என்று வடமொழியில் வெட்டிய முத்திரைக்கல் ஒன்றும் கிடைத்தது.

சரி, மணியும் முரசும் வந்தன. அவற்றுக்கு மாற்றாக இந்தக் கரை எதைக் கொடுத்தது?

செம்போடு வெள்ளீயம் சேர்த்தால்தான் வெண்கலம். வெள்ளீயம் எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. சிலாங்கூரிலும் பேராக்கிலும் ஆற்று மணலிலேயே கிடைக்கும். முரசுகளும் ஒலியெழுப்பும் வெண்கல மணிகளும் பழைய இரும்புக் கருவிகளும் ஈய நிலங்களை ஒட்டியே அடிக்கடி கிடைப்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறார்கள். கிள்ளானில் கிடைத்த வெண்கல மணி ஒன்று இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜொகூரின் மூவாரிலும் இத்தகைய மணிகள் கிடைத்தன. நீண்ட பிடிக்குழி கொண்ட விநோத வடிவ இரும்புக் கருவிகள் கிள்ளானிலும் பேராக்கிலும் பகாங்கிலும் வெளிப்பட்டபோது, அவை காட்டில் வாழ்ந்த ஒரு குரங்கு மனிதனின் எலும்பு என்று கிராமத்தார் நம்பினார்கள். காட்டிலிருந்து அகில், பிசின், பிரம்பு, யானைத் தந்தம் வந்தன. எய்ன் கெதியைப் பேர்பெற்றதாக்கியதும் ஒரு பிசின் என்பது இங்கே நினைவுக்கு வரலாம். ஒரு வேறுபாடு, இங்கே அதைச் சேகரித்தவர்கள் காட்டுக்குள் வாழ்ந்த பூர்வகுடிகள், விற்றவர்கள் ஆற்றுமுகத்தில் இருந்தவர்கள்.

காட்டையும் கடலையும் இணைத்தது ஆறு. லங்காட் ஆற்றின் மேற்பகுதியில், டெங்கில் அருகே ஜெண்டராம் ஹிலிர். 1970களில் ஈயச் சுரங்க வேலையில் மண் புரண்டபோது பழம்பொருள்கள் மேலே வந்தன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் லியோங் சாவ் ஹெங் அவற்றை ஆராய்ந்தார். மூன்று கால்களுடைய மட்பாண்டங்கள் கிடைத்தன. கால்கள் உள்ளீடற்றவை. சூளையில் சூட்டுக் காற்று வெளியேறுவதற்காகத் துளையிட்டவை. தாய்லாந்தின் காஞ்சனபுரி பகுதியில் பான் காவ் என்ற இடத்தில் கிடைத்த பானைகளின் நெருங்கிய உறவு இவை. ஏறத்தாழ 3,500 முதல் 4,000 ஆண்டு வரை பழையவை. அதாவது சுங்கை லாங் முரசுகளுக்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தவை. லியோங் 1990இல் எழுதிய ஆய்வில், தீபகற்பத்தின் பழைய ஊர்களை மூன்று வகையாகப் பார்த்தார்: உள்நாட்டுப் பொருள் சேரும் இடம், அதைக் கரைக்கு ஊட்டும் இடம், கப்பல் வந்து மாற்றிக்கொள்ளும் துறைமுகம். லங்காட் பள்ளத்தாக்கின் கண்டெடுப்புகளை இந்தக் கண்ணோடு பார்க்கும்போது உதிரிகள் ஓர் ஒழுங்குக்கு வருகின்றன. மேலே ஜெண்டராம் ஹிலிர், கீழே சுங்கை லாங், வடக்கே கிள்ளான். நடுவில் கேரித் தீவு.

நடுவில் என்று சொல்லும்போது ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். ஏறத்தாழ ஐந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. பந்திங் சமவெளியின் பெரும்பகுதி அப்போது கடல். பிறகு நீர் மெல்லப் பின்வாங்க, கிள்ளான், லங்காட் ஆறுகள் கொண்டு வந்த வண்டலைக் கண்டல் வேர்கள் பிடித்துவைக்க, கரை மேற்கே நகர்ந்தது. கேரித் தீவு அந்தச் சேற்றின் பிள்ளை. எனவே இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய கரையோர ஊரைத் தேடுபவர்கள் இன்றைய கடலோரத்தில் தேடிப் பயனில்லை. சுங்கை லாங் போல, உள்ளே தள்ளி, வயலுக்கும் செம்பனைக்கும் அடியில் தேட வேண்டும். தீவில் தேட வேண்டியது பிற்காலத்தை: ஜாவாவின் மஜபாகித் அரசவையில் 1365இல் இயற்றப்பட்ட நாகரகிரேத்தாகமம் கிள்ளானைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் காலத்தை, தீவுக்குத் தெற்கே நிற்கும் ஜுக்ரா மலையைப் பார்சேலார் என்று வரைபடத்தில் குறித்து அதைப் பார்த்துத் திசை அறிந்த போர்த்துகீசிய மாலுமிகளின் காலத்தை.

தீவுக்குத் துரைக்கு முந்தைய மனிதர்கள் இருக்கிறார்கள். இன்றும் அங்கேயே வாழ்கிறார்கள். மா மெரி பூர்வகுடியினர். சுங்கை பும்புன் முதலிய கிராமங்களில் அவர்கள் செதுக்கும் முன்னோர் முகமூடிகள் உலகப் புகழ் பெற்றவை. செதுக்கப் பயன்படும் நீரே பத்து என்ற சிவந்த கட்டை கண்டல் காட்டு மரம். ஆண்டுதோறும் முன்னோருக்கு விழா எடுக்கிறார்கள். கடற்கரையில் நின்று கடலின் முன்னோரையும் வழிபடுகிறார்கள். அவர்கள் பேசும் மொழி மலாய்க் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கெமர், வியட்நாமிய மொழிகளின் தூரத்து உறவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோல லங்காட்டில் அதிகாரியாக இருந்த வால்டர் ஸ்கீட் அவர்களுடைய வழக்கங்களைப் பதிவு செய்தார். பிளாக்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து 1906இல் வெளியிட்ட இரு தொகுதி நூலில் அவை இடம்பெற்றன. துரைகளின் பதிவேட்டில் தீவு வெற்றுக்காடாக இருந்திருக்கலாம். மா மெரியினரின் இடுகாடுகளும் வழிபாட்டிடங்களும் அதே மண்ணில்தான் இருந்தன.

மண்ணின் பழமை நீதிமன்றம் வரை போன ஊரும் இதே லங்காட் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. டெங்கில் பக்கத்துப் புக்கிட் தம்போயில் தெமுவான் பூர்வகுடியினரின் நிலம், விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக 1995இல் எடுக்கப்பட்டது. வீட்டுக்கும் மரத்துக்கும் மட்டும் பணம் கொடுத்தார்கள். நிலம் உங்களுடையது இல்லை என்றார்கள். சாகோங் தாசி வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், வழிவழியாக வாழ்ந்துவரும் மக்களுக்கு அந்த நிலத்தின் மேல் உரிமை உண்டு என்று ஷா ஆலாம் உயர்நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் அதை உறுதி செய்தது. ஜெண்டராம் ஹிலிரின் மூன்று கால் பானைகள் மேலே வந்ததும் அதே டெங்கில் வட்டாரத்தில்தான்.

இந்தக் கரையின் கண்டெடுப்புகளில் பெரும்பாலானவை திட்டமிட்ட தேடலில் தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முரசு, பானை, மணி எனப் பலவும் யாரோ வேறு வேலையாக மண்ணை வெட்டியபோது தற்செயலாக வெளிவந்தவை. மலேசியாவில் மண்ணை அதிகம் வெட்டிய கைகளில் தமிழர் கைகளும் உண்டு: தோட்டத்து வடிகால், ரயில் பாதை, சாலை. ஒரு நூற்றாண்டில் எத்தனை மணியும் ஓடும் மண்வெட்டியில் பட்டு, பொருட்படுத்தப்படாமல் கரையில் வீசப்பட்டிருக்கும் என்று எண்ணினால் மனம் கனக்கிறது. சொன்னால் கேட்க ஆள் இருந்திருக்க வேண்டும். சொல்லத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

இப்போது சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, பழம்பொருள் என்று கருதத்தக்க எதையாவது கண்டெடுப்பவர் அதை மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். சட்டம் இருந்தும் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி என்று பட்டியலில் இருந்த கோயில் அடித்தளம், 2013இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது இடிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்றது. எண் கொடுத்து, பெயர் எழுதி வைத்திருந்த இடத்துக்கே இந்தக் கதி என்றால், இன்னும் எவர் கண்ணிலும் படாத சேற்றடி ஊர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கேரித் தீவிலோ இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. கிள்ளான் துறைமுகத்தின் அடுத்த விரிவாக்கத்தை இந்தத் தீவில் அமைப்பது பற்றிப் பல ஆண்டாகப் பேச்சு நடக்கிறது. துறைமுகம் வந்தால் ஆழமாகத் தோண்டுவார்கள், நிலத்தை உயர்த்துவார்கள். அது வராவிட்டாலும், வடிகால் வெட்டி நீர்மட்டத்தை இறக்கும் ஒவ்வொரு இடத்திலும் காற்று சேற்றுக்குள் புகுகிறது; இரண்டாயிரம் ஆண்டு கெடாத மரம் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். தொல்லியல் கள ஆய்வை இயந்திரங்கள் வருவதற்கு முன்பே செய்ய வேண்டும். மா மெரி மூத்தோரிடமும், தோட்டத்தில் வடிகால் வெட்டி ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர்களிடமும் கேட்டு, எங்கே சிப்பி மேடு இருந்தது, எங்கே பானை ஓடு கிடைத்தது என்று குறித்து வைப்பது அதன் முதல் படி. அதற்குப் பெரிய பணம் வேண்டாம். கிள்ளான், பந்திங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்று மன்றங்களே தொடங்கலாம்.

டோங் சோன் முரசை நேரில் பார்க்க விரும்புபவர்கள் வியட்நாம் வரை போக வேண்டாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய சிலாங்கூர் அருங்காட்சியகம் 1945 மார்ச் மாதக் குண்டுவீச்சில் சிதைந்த பிறகு, அதே இடத்தில் எழுப்பி 1963இல் திறக்கப்பட்ட கட்டடம். தொடக்ககால வரலாற்றுக் கூடத்தில் முரசு நிற்கிறது. குனிந்து மேல்தட்டைப் பார்த்தால் விண்மீனின் கதிர்களை எண்ணலாம்.

அடுத்த பகுதியில்: 11ஆம் எண் சண்டி இடிந்த பூஜாங் பள்ளத்தாக்கும், அதன் ஓரத்தில் சுங்கை பத்துவின் இரும்பு உலைகளும்.